ராடும் கிரேயும்: பழைய கதிர்வீச்சு அலகுகளைப் புதியவற்றுக்கு மாற்றுவது எப்படி?

பழைய கதிர்வீச்சுச் சிகிச்சை அட்டை ஒன்று மேசையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் மடங்கி, மை வெளிறிப்போன அட்டை. அதில் "தவணைக்கு 200 ராட், 30 தவணை, மொத்தம் 6000 ராட்" என்று எழுதியிருக்கிறது. அதே சிகிச்சையை இன்று எழுதினால் "தவணைக்கு 2 கிரே, மொத்தம் 60 கிரே" என்று வரும். இடைப்பட்ட காலத்து அட்டை ஒன்றில் "200 சென்டிகிரே" என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். உடலுக்குள் போன ஆற்றலில் இம்மியளவும் வேறுபாடில்லை.

ராடை நூறால் வகுத்தால் கிரே. விஷயம் இவ்வளவுதான் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால், நூறால் வகுப்பதில் யாரும் பிசகுவதில்லை. எதை வகுக்கிறோம் என்று பார்க்காமல் வகுப்பதில்தான் பிசகுகிறார்கள். ராண்ட்ஜனை ராட் என்று எண்ணி வகுக்கிறார்கள். மில்லியை மெகா என்று படிக்கிறார்கள். மணிக்கு என்று போட்டிருப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆகவே கணக்கைக் கொஞ்சமாகவும், கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியதை அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

முதல் படி: எந்த அளவு என்று பாருங்கள்

கதிர்வீச்சைப் பற்றிய எண் ஒன்று கண்ணில் பட்டதும் கால்குலேட்டரை எடுக்காதீர்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று கேளுங்கள். நான்கு விடைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கதிர்வீச்சை வெளியிடும் மூலப்பொருளில் ஒரு விநாடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பது ஒன்று. இதற்குப் பழைய அலகு கியூரி, புதியது பெக்கொரல். காற்றில் எக்ஸ் கதிரோ காமா கதிரோ எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்கியது என்பது இரண்டாவது. இதற்கு ராண்ட்ஜன், புதிய அலகாக ஒரு கிலோகிராமுக்கு இத்தனை கூலும் (மின்னூட்டத்தின் அலகு) என்று எழுதுவார்கள். ஒரு பொருள் தன் ஒவ்வொரு கிலோகிராமிலும் எவ்வளவு ஆற்றலை உட்கவர்ந்தது என்பது மூன்றாவது. இதுதான் உட்கவர் ஏற்பளவு, மருத்துவமனைப் பேச்சில் வெறும் "டோஸ்". ராடும் கிரேயும் இதற்கு உரியவை. அந்த ஆற்றல் மனித உடலில் உண்டாக்கக்கூடிய தீங்கையும் கருத்தில் கொண்டு எடை போட்டுச் சொல்வது நான்காவது. அங்கே ரெம், சீவர்ட்.

இந்த நான்கில் ஒன்றுக்குள்ளேயே பழையதிலிருந்து புதியதற்குப் போவது வெறும் பெருக்கல் வகுத்தல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அலகு மாற்றம் ஆகாது. அது இயற்பியல் கணக்கு. அதற்குக் கூடுதல் தகவல் வேண்டும்: எந்தக் கதிர், என்ன ஆற்றல், எந்தப் பொருள், எவ்வளவு தூரம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நூறு எங்கிருந்து வந்தது?

மனப்பாடம் செய்ததை மறந்துவிடலாம். ஒருமுறை போட்டுப் பார்த்த கணக்கு மறக்காது. ராட் என்ற அலகை 1953-இல் கதிரியல் அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் ஏற்றுக்கொண்டது. அன்றைக்குச் சென்டிமீட்டர், கிராம், விநாடி முறைதான் புழக்கத்தில் இருந்தது. ஒரு கிராம் பொருள் 100 எர்க் ஆற்றலை உட்கவர்ந்தால் அது 1 ராட்.

பிறகு பன்னாட்டு அலகு முறை வந்தது. அதில் நிறைக்குக் கிலோகிராம், ஆற்றலுக்கு ஜூல். 1975-இல் எடைகள், அளவைகளுக்கான 15-ஆவது பொது மாநாடு, ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல் என்ற அலகுக்குக் கிரே என்று பெயர் சூட்டியது. லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற பிரிட்டன் இயற்பியலாளரின் பெயர் அது. அவர் 1905-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். ஒரு பொருளுக்குள் சின்னஞ்சிறு காற்றுக்குழி ஒன்றை வைத்து, அதில் உண்டாகும் அயனியாக்கத்தைக் கொண்டு சுற்றியுள்ள பொருள் உட்கவர்ந்த ஆற்றலைக் கணிக்கும் வழியை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது கணக்கு. ஒரு ஜூல் என்பது ஒரு கோடி எர்க். ஒரு கிலோகிராம் என்பது ஆயிரம் கிராம். ஒரு கோடியை ஆயிரத்தால் வகுத்தால் பத்தாயிரம். ஆக, 1 கிரே என்பது கிராமுக்குப் பத்தாயிரம் எர்க். கிராமுக்கு 100 எர்க் ஒரு ராட் என்பதால், பத்தாயிரத்தில் நூறு ராட் அடங்கும். 1 கிரே = 100 ராட். தோராயமில்லை, மிகச் சரியான சமன்பாடு. எத்தனை தசம இடங்களுக்குப் போனாலும் நூறுதான்.

இந்த ஆற்றல் எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புதியவர்கள் ஜூல் என்றதும் வெப்பத்தை நினைக்கிறார்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே, அதாவது 400 ராட் பட்டால், மருத்துவ உதவி இல்லாத நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடக்கூடும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 280 ஜூல். உடலின் வெப்பநிலை அதனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு டிகிரிதான் உயரும். ஒரு மிடறு வெந்நீர் குடித்தால் உடலுக்குள் போகும் வெப்பமும் அவ்வளவுதான். கொல்வது வெப்பமில்லை, அந்தச் சிறிய ஆற்றல் மூலக்கூறுகளை அயனியாக்கி, உயிரணுக்களின் மரபுப்பொருளை உடைக்கும் விதம்.

இரண்டாம் படி: முன்னொட்டைத் தனியாகப் படியுங்கள்

நடைமுறையில் வெறும் ராடும் வெறும் கிரேயும் அபூர்வம். மில்லி, மைக்ரோ, கிலோ, மெகா என்று ஏதாவது ஒன்று முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே நூறால் வகுக்கும் விதி சற்று அசௌகரியமானது. 5 மில்லிராடை நூறால் வகுத்தால் 0.05 மில்லிகிரே; புள்ளிக்குப் பின்னால் பூச்சியம் வந்தாலே கை தடுமாறும்.

நான் மனத்தில் வைத்திருப்பது வேறு விதி: ஒரு ராட் என்பது பத்து மில்லிகிரே. முன்னொட்டு ஆயிரம் ஆயிரமாக இறங்குகிறது. நமக்கு வேண்டியது நூறு. ஆகவே ஒரு படி இறங்கிப் பத்தால் பெருக்கினால் கணக்கு சரியாக நிற்கும். எந்த முன்னொட்டுக்கும் இது பொருந்தும்:

1 மெகாராட் = 10 கிலோகிரே
1 கிலோராட் = 10 கிரே
1 ராட் = 10 மில்லிகிரே
1 மில்லிராட் = 10 மைக்ரோகிரே
1 மைக்ரோராட் = 10 நானோகிரே

5 மில்லிராட் எவ்வளவு? ஒரு படி இறங்கினால் மைக்ரோ. பத்தால் பெருக்கினால் 50. ஆக 50 மைக்ரோகிரே. திரும்பி வரும்போது ஒரு படி ஏறிப் பத்தால் வகுக்க வேண்டும். 120 மைக்ரோகிரே என்பது 12 மில்லிராட். ராடுக்குப் பதில் ரெம், கிரேக்குப் பதில் சீவர்ட் என்று போட்டாலும் இதே பட்டியல் அப்படியே நிற்கும்.

சென்டிகிரே மட்டும் தனிப்பிறவி. 1 சென்டிகிரே = 1 ராட்; எண் மாறுவதே இல்லை. அலகு முறை மாறியபோது சிகிச்சைப் பிரிவுகள் இதைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். நேற்றுவரை 200 என்று எழுதிப் பழகிய கை இன்று திடீரென்று 2 என்று எழுத வேண்டியிருந்தால், பழைய எண்ணைப் புதிய அலகோடு சேர்த்து எழுதிவிடும் ஆபத்து உண்டு. சென்டிகிரே அந்த ஆபத்தைத் தவிர்த்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அதுவே இன்று வேறொரு குழப்பத்தின் ஊற்றாகவும் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் என் கைக்கு வந்த கணினி அட்டவணை ஒன்றில் "டோஸ்" என்று தலைப்பிட்ட பத்தியில் 180, 200, 1.8, 2 என்று எண்கள் கலந்து கிடந்தன. சிலர் சென்டிகிரேயில் நிரப்பியிருந்தார்கள், சிலர் கிரேயில். அலகை யாரும் எழுதவில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டோம்.

இன்னும் ஆபத்தானது எழுத்துரு. ஆங்கிலச் சிறிய "எம்" என்றால் மில்லி, பெரிய "எம்" என்றால் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. பழைய தட்டச்சுப் பிரதிகளில், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்த அறிக்கைகளில், எது மில்லி எது மெகா என்பதை எழுத்து சொல்லாது, சூழல்தான் சொல்லும். பணியாளர் ஒருவரின் மாத அளவைப் பற்றிய தாளில் மெகா வர முடியாது. பொருள்களைக் கிருமிநீக்கம் செய்யும் கதிர்வீச்சுக் கூடத்தின் பதிவேட்டில் மில்லி வர முடியாது. மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, தட்டச்சுப் பொறியில் இல்லாததால் "யு" என்றோ "எம்" என்றோ அடிக்கப்பட்டதும் உண்டு. சந்தேகம் வந்தால் அதே ஆவணத்தில் வேறு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிறு விஷயம்: ராடுக்கு ஆங்கிலத்தில் போடும் குறியீடும் கோண அளவான ரேடியனுக்குப் போடும் குறியீடும் ஒன்றே. மென்பொருள் அலகு மாற்றிகளில் இந்தக் குறியீட்டைத் தட்டினால் சில சமயம் பாகையில் விடை வரும். சிரித்துவிட்டு மீண்டும் தட்டுங்கள்.

மூன்றாம் படி: திசை சரியா என்று பாருங்கள்

அலகு பெரிதானால் எண் சிறிதாகும். கிரே பெரியது, ராட் சிறியது. ஆகவே ராடிலிருந்து கிரேக்குப் போனால் எண் சுருங்க வேண்டும். கிரேயிலிருந்து ராடுக்கு வந்தால் பெருக வேண்டும். முன்னொட்டு மாறாதபோது இந்தச் சோதனை ஒரு நொடியில் முடிந்துவிடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் படி: ராண்ட்ஜன் வந்தால் நில்லுங்கள்

பழைய ஆவணங்களில் மிகுதியாகத் தட்டுப்படுவது ராண்ட்ஜன்தான். 1928-இல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட அலகு, ராடுக்கு மூத்தது. ஐம்பதுகளுக்கு முந்தைய சிகிச்சைக் குறிப்புகளில் சிறிய "ஆர்" எழுத்தால் குறித்திருப்பார்கள், பிறகு பெரிய எழுத்து வந்தது. அதைப் பார்த்ததும் ராட் என்று படித்துவிடுவது புதியவர்களின் வழக்கமான சறுக்கல்.

ராண்ட்ஜன் காற்றைப் பற்றிய அளவு. ஒரு கிலோகிராம் காற்றில் 0.000258 கூலும் மின்னூட்டம் உண்டானால் அது 1 ராண்ட்ஜன். எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் மட்டும் உரியது. நியூட்ரானுக்கோ ஆல்ஃபா துகளுக்கோ ராண்ட்ஜன் கிடையாது. காற்றில் ஒரு கூலும் மின்னூட்டத்தை உண்டாக்க ஏறத்தாழ 33.97 ஜூல் செலவாகும் என்பதால், இரண்டையும் பெருக்கினால் கிலோகிராமுக்கு 0.00876 ஜூல் வருகிறது. ஆக, 1 ராண்ட்ஜன் பட்ட இடத்தில் காற்று உட்கவர்ந்தது 0.876 ராட், அதாவது 8.76 மில்லிகிரே.

காற்றுக்கு இது. அதே இடத்தில் தசை இருந்தால்? மென்திசுவில் சுமார் 0.96 ராட். எலும்பு இருந்தால் கதிரின் ஆற்றலைப் பொறுத்தது. உயர் ஆற்றல் காமா கதிரில் தசைக்கும் எலும்புக்கும் பெரிய வேறுபாடில்லை. நோய் கண்டறியும் எக்ஸ் கதிரைப் போன்ற குறைந்த ஆற்றலில் எலும்பு நான்கு ராட் வரைகூட உட்கவரும். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆகவே "1 ராண்ட்ஜன் எத்தனை கிரே?" என்று கேட்டால், "எந்தப் பொருளில்?" என்ற எதிர்க்கேள்விதான் சரியான பதில்.

பாதுகாப்புக் கணக்குகளில் இவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார்கள். காமா, எக்ஸ் கதிர்களுக்கு 1 ராண்ட்ஜன், 1 ராட், 1 ரெம் மூன்றையும் ஏறத்தாழச் சமம் என்று வைத்துக்கொள்வார்கள். தவறு சில விழுக்காடு முதல் பன்னிரண்டு விழுக்காடு வரை. அதுவும் மென்திசுவில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிச் சொல்லும் பக்கம் என்பதால் பாதுகாப்புக்குக் கேடில்லை. சிகிச்சைக் கணக்கில் மட்டும் இந்தச் சலுகையை எடுக்காதீர்கள். அங்கே ஐந்து விழுக்காடு வித்தியாசமே பெரிய விஷயம்.

ஒரு கருவியை அருகில் வைத்துப் பார்ப்போம். ஓர் இடத்தின் கதிர்வீச்சை அளக்கும் பழைய சர்வே மீட்டர். கைப்பிடிக்குக் கீழே அரைவட்டக் கண்ணாடி, அதில் 0 முதல் 5 வரை கோடுகள், ஓரத்தில் "மணிக்கு மில்லிராண்ட்ஜன்" என்ற குறிப்பு. பக்கத்தில் 1, 10, 100 என்று மூன்று நிலைகள் கொண்ட திருகு. முள் 1.8-இல் நிற்கிறது. திருகு 10-இல் இருக்கிறது. முதலில் இதைப் பெருக்க வேண்டும்: மணிக்கு 18 மில்லிராண்ட்ஜன். திருகைப் பார்க்காமல் முள்ளை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களை நான் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை.

18-ஐ 8.76-ஆல் பெருக்கினால் 157.68. காற்றில் மணிக்கு 157.68 மைக்ரோகிரே என்று கால்குலேட்டர் சொல்லும். அப்படி எழுதாதீர்கள். முள் 1.8-க்கும் 1.9-க்கும் இடையே நடுங்கிக்கொண்டிருந்ததை நீங்களே பார்த்தீர்கள். "சுமார் 160" போதும். பாதுகாப்புக்கான தோராய விதிப்படி, மணிக்கு 18 மில்லிரெம், அதாவது மணிக்கு 180 மைக்ரோசீவர்ட் என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்கும் நேரத்தைத் தீர்மானிக்கலாம்.

ஐந்தாம் படி: "மணிக்கு" என்பதை விழுங்காதீர்கள்

மேலே சொன்னது ஏற்பளவு வீதம். அலகு மாற்றம் வேறு, கால மாற்றம் வேறு. இரண்டையும் ஒரே வரியில் செய்யாதீர்கள். முதலில் அலகை மாற்றி எழுதுங்கள். பிறகு விநாடியை மணியாக்குங்கள்.

செர்னோபில் அணு உலை விபத்து இதற்கு நல்ல பாடம். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அங்கே கைக்குக் கிடைத்த அளவிகள் பலவும் விநாடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன் வரை மட்டுமே காட்டக்கூடியவை. ஒரு மணிக்கு 3600 விநாடி. 1000 மைக்ரோ என்பது 0.001. பெருக்கினால் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். உலகம் அறிந்த அந்த 3.6 இங்கிருந்து வந்தது: அது கருவியின் உச்சவரம்பு; அந்த இடத்தின் உண்மையான அளவு அதற்கு எத்தனையோ மடங்கு மேல். இன்றைய அலகில் எழுதினால், 3.6-ஐ 8.76-ஆல் பெருக்க, காற்றில் மணிக்கு சுமார் 32 மில்லிகிரே. கணக்கு சரிதான். ஆனால் முள் கடைசிக் கோட்டில் முட்டி நிற்கும்போது படித்த எண்ணை எந்த அலகுக்கு மாற்றினாலும் அது அளவாகாது. "இதற்குக் குறையாது" என்ற செய்தி மட்டுமே. பழைய பதிவேட்டில் ஓர் எண், கருவியின் உச்சவரம்போடு அப்படியே பொருந்தி வந்தால் சந்தேகப்படுங்கள்.

அந்தப் பகுதியின் வீட்டு உபயோக அளவிகளும் மணிக்கு இத்தனை மைக்ரோராண்ட்ஜன் என்று காட்டும். 100 மைக்ரோராண்ட்ஜன் ஏறத்தாழ 1 மைக்ரோசீவர்ட் என்று மனத்தில் வைத்தால் போதும். மணிக்கு 15 மைக்ரோராண்ட்ஜன் என்றால் மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட், இயற்கைப் பின்புலம்.

ஆறாம் படி: ரெம்மும் சீவர்ட்டும்

1 சீவர்ட் = 100 ரெம். இந்தப் பெயர் 1979-இல் வந்தது. சுவீடன் இயற்பியலாளர் ரோல்ஃப் சீவர்ட்டின் நினைவாக. கணக்கு ராட், கிரே போலவேதான். 5 ரெம் என்றால் 50 மில்லிசீவர்ட். அமெரிக்க விதிமுறைகள் இன்னும் ரெம்மில்தான் பேசுகின்றன. அங்கே பணியாளருக்கான ஆண்டு எல்லை 5 ரெம். ஐரோப்பாவில் பழைய அலகுகளுக்குக் கொடுத்த அவகாசம் 1985 இறுதியோடு முடிந்துவிட்டது. அதனால்தான் ஒரே காலத்து ஆவணங்களில் இரண்டு மொழிகளும் இருக்கின்றன.

ராடிலிருந்து ரெம்முக்கும், கிரேயிலிருந்து சீவர்ட்டுக்கும் போக, கதிர்வீச்சு எடைக்காரணியால் பெருக்க வேண்டும். எக்ஸ், காமா, பீட்டா மூன்றுக்கும் அது 1. ஆல்ஃபா துகளுக்கு 20. 1 ராட் காமா 1 ரெம். 1 ராட் ஆல்ஃபா 20 ரெம். உடலின் குறிப்பிட்ட உறுப்பு மட்டும் பட்டிருந்தால், அந்த உறுப்புக்குரிய திசு எடைக்காரணியால் மறுபடி பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால்தான் பயனுறு ஏற்பளவு கிடைக்கும்.

இங்கே அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு பள்ளம் இருக்கிறது. எடைக்காரணிகள் காலத்தோடு மாறியிருக்கின்றன. புரோட்டானுக்கு, கதிரியல் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்தின் 1990-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் 5. 2007-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் 2. நியூட்ரானுக்கு முன்பு பொதுவாக 10 என்று வைத்தார்கள். இப்போது அது ஆற்றலைப் பொறுத்து ஏறி இறங்கும் வளைகோடு. ஆகவே அறுபதுகளின் அறிக்கையில் "நியூட்ரான், 3 ரெம்" என்று இருந்தால், 30 மில்லிசீவர்ட் என்று எழுதுவது அலகு மாற்றமாகச் சரி. இன்றைய முறைப்படி கணித்த 30 மில்லிசீவர்ட்டோடு அதை ஒப்பிடுவது சரியில்லை. கிடைத்தால் அதன் அடியில் இருக்கும் ராட் எண்ணைத் தேடி எடுங்கள். ராட் எடை போடப்படாத எண். அதை மாற்றி இன்றைய காரணியால் பெருக்கலாம்.

ஹிரோஷிமா, நாகசாகி ஆய்வுகளில் இது நடந்திருக்கிறது. தப்பிப் பிழைத்தவர்களின் ஏற்பளவை 1965-இல் தற்காலிகமாகக் கணித்து ராடில் வெளியிட்டார்கள். 1986-இல் மறுகணக்கு செய்தபோது எண்கள் கிரேயில் வந்தன. கூடவே ஹிரோஷிமாவின் நியூட்ரான் பங்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய ராட் எண்ணை நூறால் வகுத்தால் புதிய கிரே எண் கிடைக்காது. அலகும் மாறியது, மதிப்பீடும் மாறியது.

இன்னொன்று: மிகையான அளவு ஒரேயடியாகப் பட்ட விபத்துகளில் சீவர்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். சீவர்ட், பிற்காலப் புற்றுநோய் போன்ற இடர்களைக் குறைந்த அளவுகளில் ஒப்பிட வந்தது. தோல் கருகுவதையும் எலும்பு மச்சை செயலிழப்பதையும் பேசும்போது கிரேதான் பொருத்தம்.

ஏழாம் படி: விடை நம்பத்தக்கதா?

மாற்றி முடித்ததும், தெரிந்த சில எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துக்கொள்பவை இவை. இயற்கையிலிருந்து உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், பழைய அலகில் 240 மில்லிரெம். வயிற்றுப் பகுதிச் சி.டி. ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட், அதாவது 1 ரெம். புற்றுநோய்க் கட்டிக்கான வழக்கமான தவணை 2 கிரே. உணவுப் பொருள்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதில் வெகுகாலம் பேசப்பட்ட எல்லை 10 கிலோகிரே. பழைய நூல்களில் இதுவே 1 மெகாராட். மருத்துவக் கருவிகளின் கிருமிநீக்கத்துக்கு 25 கிலோகிரே, அதாவது 2.5 மெகாராட்.

பணியாளர் ஒருவரின் மாத அளவு 3 சீவர்ட் என்று உங்கள் கணக்கு சொன்னால், அவரைத் தேடி ஓடுவதற்கு முன் முன்னொட்டைத் தேடுங்கள். அநேகமாக மில்லி எங்கோ விழுந்திருக்கும். முன்னொட்டு சரியாக இருந்தால் அப்புறம் ஓடுங்கள்.

எழுதும் முறை பற்றி இரண்டு வார்த்தை. மூல ஆவணத்தில் இருந்த எண்ணை அழிக்காதீர்கள். "2 கிரே (மூலத்தில் 200 ராட்)" என்று எழுதினால், நாளை வேறொருவர் சரிபார்க்க முடியும். எந்தப் பொருளில் என்பதையும் விடாதீர்கள். விண்கல மின்னணுச் சில்லுகளின் தாங்குதிறனை இன்றும் கிலோராடில்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் சிலிக்கான் என்று குறிப்பிட்டிருக்கும். 100 கிலோராட், சிலிக்கானில் என்றால் 1 கிலோகிரே, சிலிக்கானில். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் எண்ணுக்குப் பாதி உயிர்தான்.

கொஞ்சம் போட்டுப் பாருங்கள்

450 ராட் எத்தனை கிரே? நூறால் வகுக்க, 4.5.

மணிக்கு 0.35 மில்லிரெம் என்று ஓர் அறையின் சுவரில் அளந்திருக்கிறார்கள். ஒரு படி இறங்கிப் பத்தால் பெருக்கினால் மணிக்கு 3.5 மைக்ரோசீவர்ட். ஆண்டு முழுவதும் ஒருவர் அங்கேயே இருந்தால் 8760 மணி. ஏறத்தாழ 31 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான ஆண்டு எல்லை 1 மில்லிசீவர்ட் என்பதால், அந்த அறையில் யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பேனா வடிவ அளவி இரண்டு. இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்த்தால் 0 முதல் 200 வரை கோடு. மயிரிழை போன்ற நிழல் இரண்டிலும் 50-இல் நிற்கிறது. ஒன்றின் அளவுகோல் மில்லிராண்ட்ஜன். மற்றது, அமெரிக்காவில் அணுப்போர்க் காலக் குடிமைப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது, ராண்ட்ஜன். முதலாவது சுமார் அரை மில்லிகிரே. இரண்டாவது சுமார் அரை கிரே. அதை அணிந்திருந்தவருக்கு அன்றே இரத்தப் பரிசோதனை தேவை.

கடைசியாக, 5 கியூரி எத்தனை கிரே? நூறால் வகுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். ஒரு கியூரி என்பது விநாடிக்கு 3,700 கோடி சிதைவு. அது மூலப்பொருளைப் பற்றியது, எதிரே நிற்பவரைப் பற்றியதில்லை. 5 கியூரி கோபால்ட்-60 என்றால், தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு சுமார் 6.5 ராண்ட்ஜன், காற்றில் 57 மில்லிகிரே. 5 கியூரி சீசியம்-137 என்றால் அதே தூரத்தில் சுமார் 1.65 ராண்ட்ஜன், 14 மில்லிகிரேதான். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால் இரண்டுமே நான்கில் ஒரு பங்கு. நடுவில் காரீயச் சுவர் இருந்தால் வேறு. எது, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு போடலாம்.